பக்கத்துக் கதிரைக்காரி

டை பூசிய தலையோடு அசையாமல் இருக்கவேண்டும், அசைந்தால் கழுத்தில் ஒழுகும், ஒழுகினால் ஒரு கிழமைக்குப் போகாது என்று சொல்லிவிட்டுச் சலூன்காரி லோஜி அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். சிவரூபி அசையவில்லை. கழுத்துவரை கறுப்புப் போர்வை, தலையில் பிளாஸ்ரிக் தொப்பி, தொப்பிக்குள் உச்சியைச் சுள்ளென்று கடித்துக்கொண்டிருந்த மருந்து. பக்கத்து ரொட்டிக்கடையின் இறைச்சி ரோல் வாசமும் மருந்து நெடியும் சேர்ந்து தொண்டையில் இறங்கின. நாளைக் காலையில் அவளுடைய புருஷன் சந்திரமோகன் டுபாயில் விமானம் மாறி ரொறன்ரோவில் வந்து இறங்குகிறான். அவள் ஸ்பொன்சர் செய்து எடுக்கிற இரண்டாவது புருஷன். அதற்காகத்தான் நரையை மறைக்க வந்திருக்கிறாள் என்று லோஜி நினைத்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே, "மாப்பிள்ளை பாத்து மயங்கி விழவேணும், விடுங்கோ என்னட்ட" என்று பகிடி விட்டாள். நினைக்கட்டும். சந்திரமோகனுக்காக என்றால் அவள் நேற்றே வந்திருக்கலாம், வீட்டிலேயே பெட்டி டை வாங்கிப் பூசியிருக்கலாம், அவன் அவளுடைய நரையைப் போனில் பார்த்துப் பழகியவன்தான். வெள்ளிக்கிழமை பின்னேரத்தைக் கேட்டு வாங்கியது பக்கத்துக் கதிரைக்காக. அந்தக் கதிரையில் இப்போது, முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு, புருவத்தில் லோஜியின் நூல் ஓட, ஒரு இளம்பெண் இருந்தாள். பெயர் ஆரணி. மயூரதன் ஊரிலிருந்து கூப்பிட்ட புதுப் பெண்சாதி. மயூரதன், சிவரூபியின் முதல் புருஷன்.

படத்தில் பார்த்ததைவிட மெலிவாக இருந்தாள். கலியாணப் படங்களை சிவரூபி எத்தனை தரம் பார்த்திருப்பாள். பெரிதாக்கிப் பார்த்து, கூறையின் கரையைப் பார்த்து, தாலிக்கொடியைப் பார்த்து, அவனுடைய சிரிப்பில் விரலை வைத்து அந்தச் சிரிப்பை இன்னும் பெரிதாக்கி, பல்லும் முரசும் மட்டும் நிறைகிற அளவுக்குப் பெரிதாக்கி. அதே சிரிப்பு. பத்து வருசத்துக்கு முதல் நல்லூர் மண்டபத்தில் அவளுக்குப் பக்கத்தில் நின்று சிரித்தது. பெண் மாறினாலும் சிரிப்பு மாறவில்லை, வேட்டியை மாற்றுகிற மாதிரி பெண்ணை மாற்றிக்கொண்டு அதே சிரிப்போடு வந்து நிற்கிறான். போன மாதம் லோஜி அவளுக்குப் புருவம் எடுக்கும்போது சும்மா சொன்னாள்: "மயூரதன் எண்டு ஒருத்தர் அக்கா, வெள்ளிக்கிழமையில மனுசியைக் கொண்டந்து இறக்கிப்போட்டு முடியுமட்டும் காருக்குள்ளயே இருக்கிறார். கடைக்குப் போகமாட்டார், கோப்பி குடிக்கப் போகமாட்டார். என்ன பாசமப்பா!" நூல் புருவத்தை அறுத்த இடத்தில் சிவரூபிக்குக் கண்ணீர் வந்தது, லோஜி அது நூலுக்கு வந்த கண்ணீர் என்று நினைத்து ஐஸ் வைத்தாள். அப்போதே முடிவெடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வேலை செய்கிற மருந்துக்கடையில் குளிசைகளைப் போத்தலில் போட்டபடி ஒரு வசனத்தைச் செதுக்கினாள். நீளமாக இருந்தால் தடுமாறும். அழுகை கலந்தால் அவன் வென்றதாகிவிடும். 'தங்கச்சி, உம்முடைய மனுசனுக்குக் கனடாவைக் காட்டினது நான். காட்டி முடிய என்னை விட்டிட்டுப் போனவர். நீர் அவருக்கு எதைக் காட்டப் போறீர்?' கடைசிக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. அது அந்தப் பிள்ளையின் வீட்டுக்குள் போய், அவர்களுடைய கட்டிலுக்குள் போய், இரவில் அவன் பக்கம் திரும்பிப் படுக்கிற நேரமெல்லாம் நறுக் நறுக்கென்று கடிக்கும். அவன் ஏன் என்று தெரியாமல் தவிக்கவேண்டும். அவள் தவித்த மாதிரி.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே கார் நின்றது. சாம்பல் நிறம். சலூன் யன்னல் முழுக்க மணப்பெண் படங்கள் ஒட்டியிருந்ததால் உள்ளே இருப்பவர்களை அவனால் பார்க்க முடியாது; இடைவெளியால் அவளுக்குக் காரின் முன்கண்ணாடி தெரிந்தது, ஆனால் அதில் மேகம்தான் இருந்தது, முகம் இல்லை. முதல் பனி விழப்போகிற மேகம். அப்படியான ஒரு பின்னேரத்தில்தான் அவள் வேலை முடிந்து, அவனுக்குப் பிடித்த கொத்துரொட்டியைக் கட்டிக்கொண்டு, சூடு ஆறமுதல் ஓடி வந்தாள். அலுமாரியில் வெறும் ஹங்கர்கள். கலியாணம் கட்ட ஊருக்குப் போனபோது அவள் கொண்டுபோன பெரிய சூட்கேசும் இல்லை. அதையாவது விட்டுப் போயிருக்கலாம். விட்டுப்போனான் என்று அவளுக்கு விளங்கவில்லை, அதுதான் இன்றைக்கும் அவளைத் தின்கிறது, விளங்கியிருந்தால் அன்றைக்கே ஆத்திரப்பட்டிருப்பாள், அவளோ உடுப்பு இல்லாத அலுமாரியைப் பார்த்துவிட்டும் அவனுக்கு ஏதோ விபத்து என்று நினைத்தாள், உடுப்புத் தோய்க்கப் போன இடத்தில் விழுந்துவிட்டான் என்று நினைத்தாள், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் அடித்தாள். ஒரு தாதி ஆதரவாகக் கேட்டாள், என்ன நிறச் சேட் போட்டிருந்தார் என்று. தெரியவில்லை. காலையில் அவசரத்தில் அவனைச் சரியாகப் பார்க்கவில்லை. அதற்காகத்தான் அவள் முதலில் அழுதாள், அவன் போனதற்காக இல்லை, காலையில் பார்க்காமல் விட்டதற்காக. அந்த அழுகையோடேயே அவனுடைய போனில் குரல்செய்தி விட்டாள். எடுக்கவில்லை. மறுபடி விட்டாள். கொத்துரொட்டி ஆறிப்போனது, ஹங்கர் ஆடிக்கொண்டிருந்தது, தாதி சேட்டைப் பற்றிக் கேட்டது, எல்லாவற்றையும் அந்த இயந்திரத்துக்குச் சொல்லிச் சொல்லி அழுதாள். கிழமைகள் கழித்து அவன் பிறம்ரனில் சிநேகிதர்களோடு சுகமாக இருப்பதாகக் கேள்விப்பட்டாள். நிரந்தர வதிவிடக் கார்ட் கையில் வந்துவிட்டது, இனி அவள் எதற்கு? விவாகரத்து முடிந்து கையெழுத்து வைத்த பிறகும் சட்டப்படி அவனுக்கு அவள்தான் பொறுப்பு, மூன்று வருசம் முடியும்வரை. அவன் ஏலாமல் போய் அரசாங்கத்திடம் கை நீட்டினால் அவள் பதில் சொல்லவேண்டும். ஸ்பொன்சர் என்றால் அதுதான் என்று வக்கீல் விளங்கப்படுத்தினார். அந்த மூன்று வருசமும் அவன் சாகக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். செத்தால் சுகமாகப் போய்விடுவான். அவன் ஒரு பனிப்புயலில் நெடுஞ்சாலைக் கரையில் கார் பழுதாகி நிற்கவேண்டும், கை விறைக்க விறைக்க ஒவ்வொரு நம்பராக அடிக்கவேண்டும், ஒருத்தரும் எடுக்கக்கூடாது. தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் அவனை அந்தச் சாலைக்கரையில் கொண்டுபோய் நிறுத்துவாள். குடித்து முடியும்வரை நிற்பான்.

சந்திரமோகனையும் அவள் அப்படித்தான் கண்டுபிடித்தாள், ஒரு பழிக்கு ஆள் தேடி. சுழிபுரத்தில் மயூரதனின் வீட்டுக்கும் சந்திரமோகனின் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி. வேலியைப் பற்றி ஒரு வழக்கு, இரண்டு தலைமுறையாக. மயூரதனின் தாய் அந்த வீட்டுக்காரரை மனிதராகவே எண்ணுவதில்லை. அவர்களுடைய கோழி இந்தப் பக்கம் வந்தால் காலை முறித்து அனுப்புகிற மனுசி. கலியாணமான புதிதில் சிவரூபி அங்கே தங்கியிருந்தபோது வேலிக்கு அப்பால் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்துச் சிரித்ததற்கு மாமி அன்று முழுக்க முகம் கொடுக்கவில்லை. அந்த ஒருவன் பிறகு பெண்சாதியை நோய்வருத்தத்துக்குப் பறிகொடுத்துத் தனித்துப்போனான் என்று புரோக்கர் சொன்னபோது சிவரூபிக்கு அவனுடைய முகம் நினைவுக்கு வரவில்லை, வேலிதான் வந்தது. கலியாணத்தை மண்டபத்தில் வேண்டாம், மாப்பிள்ளை வீட்டிலேயே வைப்போம் என்றாள். பந்தலை மாமியின் குசினி யன்னலுக்கு நேரே போடச் சொன்னாள். மேளத்தை அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாள். மாமி யன்னலைச் சாத்துகிற சத்தத்துக்காக மணவறையில் காது கொடுத்துக்கொண்டு இருந்தாள். தாலி ஏறுகிற நேரம் மாமி தட்டில் பலகாரத்தோடு படலையால் வந்தாள். வந்து எல்லோருக்கும் நடுவில் சிவரூபியின் கன்னத்தைத் தடவி, "நல்லா இரு பிள்ளை, என்ர பெடியன்தான் குடுத்து வைக்காதவன்" என்றாள். இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனாள், வடை நல்லாயிருக்கு என்று வேறு சொன்னாள். அவ்வளவு தூரம் பறந்துபோய், பந்தல் போட்டு, மேளம் அடித்து, கடைசியில் எதிரிக்கு விருந்து வைத்துவிட்டு வந்தாள். அன்றிரவு சந்திரமோகன், "என்னை ஏன் பிடிச்சது?" என்று கூச்சப்பட்டுக் கேட்டான். "உங்கட சிரிப்பு" என்றாள். அவன் அன்றைக்குச் சிரித்தே இருக்கவில்லை. பதற்றத்தில் வியர்த்துக்கொண்டிருந்தான். முதல் தரம் குடிவரவு அதிகாரிகள் கேட்டபோது அவள் சொன்னதெல்லாம் உண்மை, மயூரதனுடையது பொய். இந்தத் தரம் சந்திரமோகன் சொன்னதெல்லாம் உண்மை. அப்படியென்றால் பொய் ஆருடையது? அந்த இடத்தில் எப்போதும் அவளுக்கு நினைவு சிக்கும், துணி முள்ளில் மாட்டின மாதிரி; இழுத்தால் கிழியும், விட்டுவிட்டு வேறு பக்கம் போவாள். போனாள். உச்சி எரிந்தது.

"அக்கா, உங்களுக்கும் எரியுதா?" என்று பக்கத்துக் கதிரை கேட்டது. நூல் முடிந்து, முகத்தில் ஏதோ வெள்ளைக் களிம்பு பூசிவிட்டு லோஜி உள்ளே போயிருந்தாள். களிம்புக்குள்ளிருந்து இரண்டு கண்கள் சிநேகமாகப் பார்த்தன. "எனக்குப் பச்சைமிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி இருக்கு."

வசனம் தயார். நாக்கு நுனியில் நின்றது. ஆனால் சிவரூபி, "புதுசோ கனடாவுக்கு?" என்று கேட்டாள். கேட்கவேண்டும் போல இருந்தது. பூனை எலியோடு கொஞ்சநேரம் விளையாடுமே.

"இந்தக் கோடைக்கு வந்தனான். இவர்தான் ஸ்பொன்சர் செய்து எடுத்தவர். வெளியில நிக்கிறார், காருக்குள்ள." அந்தப் பிள்ளைக்குக் கதைக்க ஆளில்லாமல் எத்தனை நாளோ, தண்ணீர்க் குழாயைத் திறந்த மாதிரி வந்தது. வவுனியாவாம். இரண்டு தங்கச்சிமாராம். இங்கே இன்னும் பனி பார்க்கவில்லையாம். "இவருக்கு இது ரெண்டாம் கலியாணம் அக்கா. நான் ஒருத்தருக்கும் ஒளிக்கிறேல்லை. பாவம் இவர், சரியா நொந்துபோன மனுசன். முதல் மனுசியையும் ஊரில இருந்து இவர்தான் கூப்பிட்டவராம். வந்து கார்ட் கிடைச்ச உடன அவ விட்டிட்டுப் போட்டா."

சிவரூபி கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே அந்த முகம் அசையாமல்தான் இருந்தது.

"ஆர் கூப்பிட்டது?"

"இவர்தான். இவர் ஒருநாள் வேலையால அவவுக்கு கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு ஓடி வந்தவராம் அக்கா, சூடு ஆறமுதல் குடுக்கவேணும் எண்டு. வந்து பாத்தா அலுமாரியில வெறும் ஹங்கர் ஆடிக்கொண்டு கிடந்ததாம். அப்பவும் அவ விட்டிட்டுப் போட்டா எண்டு இவருக்கு விளங்கேல்லை. ஆஸ்பத்திரி எல்லாம் போன் அடிச்சவராம். என்ன நிற உடுப்புப் போட்டிருந்தவ எண்டு ஒரு நேர்ஸ் கேட்டதாம், இவருக்குத் தெரியேல்லையாம். காலமை நான் அவளைச் சரியாப் பாக்கேல்லை ஆரணி எண்டு சொல்லி இப்பவும் கண் கலங்குவார். அதைச் சொன்ன அண்டைக்குத்தான் அக்கா நான் இந்தக் கலியாணத்துக்கு ஓம் எண்டனான்."

தலைக்குள் ஒரு பெரிய வெளிச்சம் வந்து எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட்டுப் போனது. ஹங்கரையுமா? கொத்துரொட்டியையும், தாதியையும், காலையில் பார்க்காத அந்தப் பார்வையையுமா? போனில் விட்ட செய்திகளை அவன் கேட்டிருக்கிறான். ஒவ்வொன்றாக, ஆறுதலாக, முழுவதும் கேட்டு, இது பிறகு உதவும் என்று எடுத்து வைத்திருக்கிறான். சூட்கேசை எடுத்தான், அவளுடைய வருசங்களை எடுத்தான், சரி. அழுகையையும் எடுத்து, தோய்த்து, தன்னுடைய அளவுக்கு வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு வவுனியாவுக்குப் போயிருக்கிறான் பெண் பார்க்க. அவனைக் கொல்லவேண்டும். பனிச்சாலை போதாது. எழும்பி, இந்தத் தொப்பியோடேயே போய், கார்க் கண்ணாடியை லோஜியின் இரும்புக் கதிரையால் உடைத்து. இல்லை. இப்போதே சொல்லவேண்டும், அந்த மனுசி நான்தான், கூப்பிட்டது நான், விட்டிட்டுப் போனது அவன். வாய் திறந்தது. சொன்னால் என்ன நடக்கும்? இந்தப் பிள்ளை அவளைப் பார்ப்பாள்: புருஷனை நோகடித்துவிட்டு ஓடின கள்ளி, இத்தனை வருசம் கழித்துக் குடும்பத்தைக் குழப்ப வந்திருக்கிறாள் என்று. உண்மையைச் சொல்லுகிற வாயை அவன் முதலே அழுக்காக்கி வைத்துவிட்டான். எவ்வளவு கெட்டிக்காரன். மாதம் முழுக்கச் செதுக்கிய வசனம் கையில் ஈரச் சவர்க்காரமாக வழுக்கிப் போனது.

"அதாலதான் அக்கா," ஆரணி குரலைத் தாழ்த்தினாள், "என்ர பாஸ்போட், கார்ட் எல்லாம் அவர் தன்ர மேசை லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டியிருக்கிறார். எனக்குக் கோவமில்லை. ஒருக்கா சூடு கண்டவர்தானே. இங்கிலிஷ் வகுப்புக்கும் இப்ப வேண்டாம், பிறகு பாப்பம் எண்டுறார். போற இடமெல்லாம் கொண்டுபோய் விட்டிட்டு வெளியில நிப்பார். லோஜி அக்கா பாசம் எண்டு சொல்லுவா." சிரிக்கப் பார்த்தாள். களிம்பு காய்ந்திருந்ததால் சிரிப்பு ஓரங்களில் வெடித்தது.

காரைப் பார்த்தாள் சிவரூபி. மேகம் நகர்ந்து, கண்ணாடிக்குள் மங்கலாக ஒரு தலை தெரிந்தது, கதவைப் பார்த்தபடி. காவல் இருக்கிறான். தான் செய்ததைத் தனக்குச் செய்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோப்பிகூடக் குடிக்காமல் காவல் இருக்கிறான். அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. அவள் ஒன்றும் செய்யாமலே அவன் அந்தப் பனிச்சாலையில் நின்றுகொண்டிருந்திருக்கிறான், இத்தனை நாளாக. இனிப்பு இறங்கி முடியமுதல் கசந்தது. அவனுடைய பயத்துக்கு உள்ளே பூட்டுப்பட்டிருப்பது இந்தப் பிள்ளை. அதற்குப் பின்னால் வந்த நினைவு அவளைக் குத்தியது: முந்தநாள் போனில் சந்திரமோகனிடம் அவள் என்ன சொன்னாள்? 'வந்த உடன பாஸ்போட், கடதாசி எல்லாத்தையும் என்னட்டத் தாங்கோ, நான் பத்திரமா வைக்கிறன்.' அவன் ஓம் ஓம் என்றான். அந்த ஓம் அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது. இந்த முறை ஏமாறமாட்டேன் என்று நினைத்து நிம்மதியாகப் படுத்தாள். மயூரதனும் அப்படித்தான் படுத்திருப்பான், லாச்சியைப் பூட்டிவிட்டு. அவனைப் போலவா? இல்லை, அவள் வேறு. என்ன வேறு? முள்ளில் மாட்டின துணி. இந்தத் தரம் வேறு பக்கம் போக இடமில்லை, தலையைக்கூட அசைக்க முடியாது.

போர்வைக்குள் போன் நடுங்கியது. சந்திரமோகன். டுபாயிலிருந்து. அறிவிப்புச் சத்தங்களுக்கு நடுவில் கத்தினான்: "இஞ்ச கால் வைக்க இடமில்லை, அவ்வளவு சனம்! நீர் சாப்பிட்டனீரோ?"

சாப்பிட்டதாகச் சொன்னாள். பிறகு, "முந்தநாள் நான் சொன்னதை விடுங்கோ" என்றாள்.

"எதை?"

"பாஸ்போட்டும் கடதாசியும். என்னட்டத் தரவேண்டாம். உங்கட பொருள், உங்களிட்டயே இருக்கட்டும்."

அந்தப் பக்கத்தில் ஒரு பெண்குரல் ஏதோ ஒரு ஊருக்குக் கடைசி அழைப்பு விடுத்தது. "ஏன், என்ன நடந்தது?" அவனுடைய குரல் சின்னதாகிவிட்டது. "என்னில ஏதும் கோவமோ?"

"கோவமில்லை. நாளைக்கு வாங்கோ, ஆறுதலாச் சொல்லுறன். சொல்ல ஒரு விசயம் இருக்கு, கேட்டிட்டு நீங்கள்தான் என்னில கோவிக்கவேணும்." போனை வைத்தாள். அதை அவனுக்காகச் சொன்னாளா, பக்கத்துக் கதிரைக்குக் கேட்கட்டும் என்று சொன்னாளா? அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான் போல.

பக்கத்துக் கதிரைக்குக் கேட்டிருந்தது. "நீங்களும் ஸ்பொன்சரோ அக்கா? கார்ட்டை ஏன் அவரையே வைச்சிருக்கச் சொன்னனீங்கள்? பயமில்லையோ?"

"பயந்தான்." சிவரூபி கண்ணாடியைப் பார்த்தே கதைத்தாள். "ஆனா அது அவற்ர. தங்கச்சி, உமக்கு ஆரும் சொன்னவையோ தெரியாது. நீர் விமானத்தால இறங்கின அண்டைக்கே இந்த நாட்டு ஆள். கூப்பிட்டவர் இனி நினைச்சாலும் திருப்பி அனுப்பேலாது. ஸ்பொன்சரை வாபஸ் வாங்கவும் ஏலாது. கார்ட் உம்முடைய பேரில இருக்கு, பூட்டி வைக்க ஒருத்தருக்கும் உரிமையில்லை. வகுப்புக்குப் போக மனுசன்ர கையெழுத்தும் தேவையில்லை."

ஆரணி கதவுப்பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். "அவர் சொன்னவர், தான் ஒரு போன் அடிச்சாப் போதுமாம், என்னை ஏத்தி அனுப்பிப் போடுவினமாம்."

"பொய்."

அந்த ஒரு சொல்லை அவள் எவ்வளவு ருசித்துச் சொன்னாள். எட்டு வருசத்துப் பசி. தன்னுடைய பெயரைச் சொல்லமுடியாவிட்டால் என்ன, இது போதும், இனி அவனுடைய லாச்சிக்குப் பூட்டு இல்லை, அவன் அதைக் காவல் காத்துக்கொண்டேயிருக்கட்டும். லோஜி வந்து ஆரணியின் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டாள். அப்போது கதவு மணி கிலுங்க, குளிரோடு சேர்ந்து மயூரதன் உள்ளே வந்தான். "இன்னும் முடியேல்லையோ?"

முன்மயிர் கொட்டியிருந்தது, தாடை இறங்கியிருந்தது. அவளுக்கு முதலில் வந்தது ஆத்திரம் அல்ல, ஏமாற்றம்: இவனையா? கண்ணாடிக்குள் அவனுடைய கண் அவளைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது. இரண்டு கதிரைகள். ஒன்றில் முதல், ஒன்றில் இரண்டாவது. அவனுடைய முகத்திலிருந்த இரத்தம் கழுத்துக்குள் இறங்கியதை அவள் பார்த்தாள், ஒரு துளிகூட விடாமல் பார்த்தாள், இதற்காகத்தான் வந்தாள். அவளைத் தெரியும் என்றால் அவனுடைய கதை போயிற்று. தெரியாது என்றால் அவள் என்ன சொல்லிவிட்டாளோ என்று கேட்கக்கூட முடியாது. சிவரூபி கண்ணாடிக்குள்ளேயே அவனைப் பார்த்து மலர்ந்து சிரித்தாள். "இருங்கோ தம்பி, உங்கட மனுசிக்கு இப்ப முடிஞ்சிடும்."

"ஓம்... ஓம்" என்றான் அவன், ஆரோ தெரியாத அக்காவுக்குச் சொல்வது போல.

ஆரணி ஜக்கெற்றைப் போட்டபடி அவனைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். "வீட்ட போனதும் என்ர கார்ட்டை ஒருக்கால் தாங்கோ" என்றாள். "இங்கிலிஷ் வகுப்புக்குப் பதியவேணும்."

"அதை வீட்ட போய்க் கதைப்பம்." அவன் அவளுடைய முழங்கையைப் பிடித்துக் கதவைத் திறந்தான்.

நல்லது. வேண்டும். சிவரூபி போர்வைக்குள் கைகளைக் கோத்துக்கொண்டாள், சாலைக்கரையில் அவனை நிறுத்துவதற்கு இனித் தேத்தண்ணி தேவையில்லை, அந்த முகம் போதும், சாகும்வரை போதும். "தெரிஞ்ச ஆக்களோ அக்கா?" என்று லோஜி கேட்டாள். சிவரூபியின் கண் வெளியே இருந்தது. கார் புறப்படவில்லை. படங்களின் இடைவெளியால் பார்த்தாள்: அவன் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து, நேரே பார்த்தபடி, கதைத்துக்கொண்டிருந்தான். அவன் கை நீட்டுகிறவன் அல்ல. கத்துகிறவனும் அல்ல. மெதுவாக, கொஞ்சமும் ஏற்ற இறக்கம் இல்லாமல், கேட்கிறவள் தான் கேட்டதே பிழை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும்வரை கதைப்பான். சிவரூபி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள், தண்ணீர் கொதிக்காததற்குக்கூட. முன்பு அவள் இருந்த அதே பக்கத்துச் சீற்றில் ஆரணியின் தலை குனிந்தது. இன்னும் குனிந்தது. இதை நான்தான் கொண்டுபோய் அந்தக் காருக்குள் வைத்தேன் என்று சிவரூபிக்குத் தோன்றியது. அவளுக்கு நான் என்ன கொடுத்தேன்? சட்டம் சொன்னேன். போன் அடிக்க ஒரு நம்பர் கொடுத்தேனா? பெயர் சொன்னேனா? சாலைக்கரையில் நிற்கப்போவது அவன் அல்ல, இவள்.

"அக்கா! தலை! எங்க போறியள்?" லோஜி பின்னால் கத்தினாள்.

வெளியே குளிர் அறைந்தது. கறுப்புப் போர்வை செட்டை மாதிரி அடித்தது. அவள் ஆரணியின் பக்கக் கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டினாள். ஆரணி பொத்தானை அமுக்கினாள், கண்ணாடி இறங்கவில்லை. அவன் தன் பக்கத்தில் பூட்டி வைத்திருந்தான். ஆரணி கதவைத் திறந்தாள்.

"என்ர பேர் சிவரூபி" என்றாள், மூச்சு வாங்க. "இவற்ர முதல் மனுசி. இவர் என்னைக் கூப்பிடேல்லை. நான்தான் இவரைக் கூப்பிட்டனான். கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு வந்தது நான். நம்பாட்டி விடும். ஆனா என்ர நம்பரைப் போட்டு வையும். எந்த நேரமெண்டாலும் நான் எடுப்பன்."

"விசரி," என்றான் மயூரதன், மெதுவாக. "ஆரணி, கதவைச் சாத்தும். இவ ஒரு விசரி. நான் சொன்னனான்தானே, அந்த ஆள் இவதான்."

ஆரணி சாத்தவில்லை. திரும்பி அவனைப் பார்த்தாள். "அப்ப உள்ள ஏன் தெரியாத ஆள் மாதிரி நிண்டனீங்கள்?"

அவன் வாயைத் திறந்தான். நல்ல பதில் ஒன்றைத் தேடினான், அவனிடம் எப்போதும் இருக்கும், இப்போது வர நேரம் பிடித்தது. அந்த நேரத்துக்குள் ஆரணி ஒரு காலைத் தரையில் வைத்தாள், மற்றக் காலையும் வைத்தாள். பனி ஆரம்பித்திருந்தது, சின்னச் சின்னதாக, அவளுடைய புதுப் புருவத்தில் விழுந்து கரைந்தது. "தலை விறைக்கப்போகுது அக்கா, உள்ள வாங்கோ" என்று சிவரூபியின் கையைப் பிடித்தாள். பின்னால் ஹோர்ன் அடித்தது. ஒருமுறை, பிறகு விடாமல். திரும்பி அந்த முகத்தை இன்னொரு தரம் பார்க்க சிவரூபிக்குக் கொள்ளை ஆசை. ஆனால் டை நெற்றியால் வழிந்து இடது கண்ணுக்குள் இறங்கிவிட்டது, அது எரிந்த எரிச்சலில் மற்றக் கண்ணையும் திறக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை கூட்டிக்கொண்டு போன பக்கம் தடவித் தடவி நடந்தாள்.